கையுறைக்காரர் மேயரான கதை

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்ன ஊரில் ஆம்ப்ரோஸ் யேட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. ஆட்டுத்தோலில் அவர் தைக்கும் கையுறைக்கு அப்படியொரு பெயர். அதோடு, ஊரில் இருந்த ஒரே கத்தோலிக்கக் குடும்பம் அவருடையது. சட்டப்படி எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை போயாக வேண்டிய புராட்டஸ்டண்ட் ஊர்க்கோயிலுக்குப் போகாததற்கு முணுமுணுக்காமல் அபராதம் கட்டிவிடுவார். எப்போதாவது மறைவாக வரும் கத்தோலிக்கச் சாமியாரை வைத்துத் தோல்கிடங்கில், சட்டம் தடைசெய்த பூசை நடக்கும். சோதனைக்கு ஆள் வருவது தெரிந்தால் பக்கத்து மதுக்கடை ஜோசையா கிரம்ப் சுவரைத் தட்டிச் சொல்லிவிடுவார். கிரம்ப் புராட்டஸ்டண்ட். போப்பாண்டவரைத் திட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. ஆனாலும் சாயங்காலமானால் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள்.

கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்த செய்தி கேட்டு ஆம்ப்ரோஸின் மனைவி வினிஃப்ரெட் அழுதே விட்டாள்.

"என்னங்க, நம்ம ராஜா! இனிமே ஒளிஞ்சு கும்பிட வேண்டாங்க."

"நம்மள யாரும் கண்டுக்காத வரைக்கும்தான்டி நமக்கு நல்லது" என்றார் அவர்.

மூன்று வருடம் கழித்துக் கண்டுகொண்டார்கள். அரசர் ஊர் ஊராகப் பழைய ஆட்களை நீக்கித் தன் மதத்தாரைப் பதவியில் வைத்துக்கொண்டிருந்தார். லண்டனிலிருந்து வந்த அதிகாரி, ஆம்ப்ரோஸ்தான் இனி மேயர் என்றார்.

"ஐயா, எனக்குத் தோலும் ஊசியும்தான் தெரியும். என்னை விட்டுருங்க."

"ராஜா குடுக்கறத வேண்டாம்னு சொல்றியா?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் துணிந்தவர்கள் அந்தக் காலத்தில் குறைவு. ஆம்ப்ரோஸ் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டார். முந்தைய மேயர் நெட்டையான, பருத்த மனிதர். அங்கி தரையில் புரண்டது. தெருவில் எல்லோரும் வேண்டுமென்றே இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினார்கள். கையுறை வாங்க வந்தவர்கள் குறைந்தார்கள். கிரம்ப் பெஞ்சில் தள்ளி உட்கார்ந்தார்.

"மேயர் ஐயா பக்கத்துல நாங்கல்லாம் உக்காரலாமா?"

"ஜோசையா, நீயுமாய்யா?"

"பதவிய வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

ஜூன் மாதம் அரசருக்கு ஆண் குழந்தை பிறந்தது. சந்தையில் தீ மூட்டிக் கொண்டாட வேண்டும் என்று ஆணை. இனி கத்தோலிக்க ராஜாவே தலைமுறை தலைமுறையாக வருவார் என்று ஊர் கொதித்துப் போயிருந்தது. அந்தக் குழந்தையே ராணிக்குப் பிறந்ததல்ல என்றும் பேச்சு. ஆம்ப்ரோஸ் விறகை அடுக்கி வைத்துவிட்டு மனைவியோடு நின்றார். ஒருவரும் வரவில்லை. தூறல் விழுந்து விறகு நனைந்தது. இருவரும் வீடு திரும்பினார்கள்.

அந்த மாதக் கடைசியில், கத்தோலிக்கருக்குச் சலுகை தரும் அரசரின் ஆணையை எதிர்த்து மனுக் கொடுத்துச் சிறைப்பட்ட புராட்டஸ்டண்ட் ஆயர்களை நீதிமன்றம் விடுவித்தது. ஊரே திரண்டு அதே விறகைக் கொளுத்தி ஆடியது. மேயர் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

ஹாலந்திலிருந்து அரசரின் புராட்டஸ்டண்ட் மருமகனான ஆரஞ்சு இளவரசர் படையோடு வரப்போகிறார் என்றதும் அரசர் பயந்து, பழையவர்களுக்கே பதவியைத் திருப்பிக் கொடுத்தார். ஆம்ப்ரோஸ் அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய் ஒப்படைத்தார். அன்று இரண்டு வேளைச் சாப்பாட்டையும் ஒன்றாகச் சாப்பிட்டார் என்று வினிஃப்ரெட் பிற்பாடு சொல்வாள்.

ஆனால் ஊர் மறக்கவில்லை. டிசம்பரில் அரசர் லண்டனை விட்டு ஓடிய செய்தி வந்த அன்று மத்தியானமே கூட்டம் ஆம்ப்ரோஸ் வீட்டுக் கதவை உடைத்தது. சிலுவையில் தொங்கும் ஏசுவின் பாடுபட்ட சுரூபத்தையும் வருடம் முழுக்கப் பதப்படுத்திய தோல்களையும் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். கூட்டத்தில் கிரம்பும் இருந்தார். அவர் எதையும் எடுத்துப் போடவில்லை, தடுக்கவும் இல்லை.

ஒருவன் ஆம்ப்ரோஸின் சட்டையைப் பிடித்தான். "ஆரஞ்சு இளவரசர் வாழ்கன்னு சொல்லுடா!"

"எந்த ராஜா வேணாலும் வரட்டும்யா. என்னை மேயராக்காம இருந்தாச் சரி."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள். பிடித்தவன் கையை எடுத்தான். தோல் எரிந்து முடியும்வரை நின்றுவிட்டுக் கலைந்தார்கள்.

அந்த இளவரசரும் மனைவியும் புதிய அரசரும் அரசியும் ஆனார்கள். கத்தோலிக்கருக்கு வரி இரட்டிப்பானது. வினிஃப்ரெட் நாத்தனாரிடமிருந்து கொஞ்சம் தோல் வாங்கி வந்தாள். ஆம்ப்ரோஸ் மறுபடி தைக்க உட்கார்ந்தார். இரண்டு வருடம் கிரம்ப் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஒருநாள் வந்து, வெளியே நின்றபடியே கேட்டார்.

"மகளுக்குக் கல்யாணம். ஒரு ஜோடி வேணும்."

"கை அளவு?"

"உனக்குத் தெரியாதா? சின்னதுலேர்ந்து பாத்தவன்தானே."

"வளந்திருப்பால்ல, கூட்டிட்டு வா" என்றார் ஆம்ப்ரோஸ்.

கிரம்ப் மறுநாள் மகளைக் கூட்டி வந்தார். எரிந்த தோலைப் பற்றி அவர்கள் இருவரும் கடைசிவரை பேசிக்கொள்ளவில்லை.