தூம்பாவில் ஓர் ஆளுக்குத்தான் இடம்

இதை நம்பமாட்டேன் என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். கெவின் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான். கற்பிட்டிக் கரையில் அவனுடைய ஊர்ப் பெயரைச் சொன்னால் ஆளைப் பிடித்துவிடுவீர்கள், அதனால் சொல்லமாட்டேன். இவ்வளவு மட்டும் சொல்கிறேன்: தனியாகப் படுக்கிறவன், கட்டிலின் ஓரத்தில்தான் படுக்கிறான். மற்றப் பாதியை யாருக்கோ விட்டுவைத்திருக்கிறான்.

அந்த ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் நல்மரணச் சபை என்று ஒன்று உண்டு. ஊரில் யார் செத்தாலும் குழி வெட்டுவது இவர்கள்தான். ஆனால் வெள்ளை உடுப்புப் போட்டுத் தோளில் தூக்கிப் போவது சபைக்காரனை மட்டும்தான். அதில் சேருவது லேசுப்பட்ட காரியமில்லை. சபையில் ஒருவர் கண்ணை மூடினால்தான் ஓர் இடம் வரும். அதுவரைக்கும் சேர ஆசைப்பட்டவன் சம்பளமில்லாமல் குழி வெட்டவேண்டும். கூடுதல் காலம் வெட்டியவனுக்கே முதல் அழைப்பு. சொன்ன நாளில், பின்னேரம் ஆறு மணிக்குத் திருந்தாதி மணி அடிப்பதற்குள் அவன் வந்து நிற்காவிட்டால் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும்.

வந்தவனைத் தூம்பாவில் கிடத்துவார்கள். தூம்பா என்பது கோயிலுக்குச் சொந்தமான, மூடியில்லாத பிரேதப் பெட்டி. முகத்தைக் கறுப்புத் துணியால் மூடி, எட்டுப் பேர் தூக்கிக்கொண்டு கோயிலை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள். உயிரோடு ஒருதரம் அதில் போனவனைத்தான் செத்த பிறகு சபை தூக்கும். சுற்றி முடியும்வரை வாய் திறக்கக்கூடாது. திறந்தால் இடம் போச்சு. பிணம் கதைக்குமா என்ன?

கெவினுக்கு அந்தச் சபை என்றால் உயிர். அவனுடைய தகப்பன் சபையில் இல்லாதவர். அவர் செத்தபோது லேன்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் ஏற்றி, குலுங்கக் குலுங்கக் கொண்டுபோனார்கள். தனக்கும் அந்தக் கதி வரக்கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

போன வருஷம் ஓர் இடம் வந்தது. முறை நிரோஷனுடையது, அவனுக்கு அடுத்தது கெவின். நிரோஷன் பக்கத்து வீட்டு வளவுக்காரன், கெவினின் சினேகிதன். சபையின் மூப்பர் அல்பேட் கெவினைக் கூப்பிட்டார்.

"நிரோஷன்ட போன் வேலை செய்யுதில்ல. நாளைக்கு மணிக்கு முதல் வரச் சொல்லிப்போடு."

"ஓம் மூப்பர்."

அடுத்த நாள் மூன்று மணிக்கு நிரோஷன் கரையில் வலை ஏற்றிக்கொண்டிருந்தான். கூடத் தொழிலுக்குப் போகிற றஸ்மி இஞ்சினில் நின்றான். கச்சான் காற்று கொஞ்சம் மூர்க்கமாகத்தான் வீசியது.

"மச்சான், சபையால ஏதும் கதை வந்ததா? வந்தா இண்டைக்குத் தொழிலுக்குப் போகமாட்டன்" என்றான் நிரோஷன்.

"இன்னும் இல்ல" என்றான் கெவின்.

அவ்வளவுதான். போட் போய்விட்டது.

ஆறு மணிக்குத் திருந்தாதி மணி அடிக்கத் தொடங்கியதும் அல்பேட் கோயில் வாசலைப் பார்த்தார். நிரோஷன் வரவில்லை. "அப்ப நீ படு" என்றார்.

கெவின் படுத்தான். துணி முகத்தில் விழுந்தது. மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. தூக்கினார்கள்.

"யேசுவே... என்ன பாரம் இது!" யாரோ முனகினார்.

கெவின் ஒடிசலான ஆள்.

கோயிலின் பின்பக்கம் திரும்பும்போது ஒரு மணம் வந்தது. முதலில் இஞ்சின் எண்ணெய். பிறகு கடல்.

இடது கை குளிர்ந்தது. சேட்டுக் கை நனைந்தது. துணிக்குள்ளே தண்ணீர் சொட்டும் சத்தம்... டொக்... டொக்...

தூம்பா இடப்பக்கம் சரிந்தது.

"அந்தப் பக்கம் பிடியுங்கடா!"

ஈரத் தோள் ஒன்று அவன் தோளோடு உரசியது. காதடியில் மூச்சு.

"கொஞ்சம் தள்ளிப் படு."

தெரிந்த குரல்.

கத்தியிருக்கலாம். கத்தினால் இடம் போச்சு.

கத்தவில்லை...

தள்ளிப் படுத்தான்.

இறக்கி வைத்தபோது தூம்பாவின் இடது பாதி முழுக்க ஈரம். அல்பேட் விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பு" என்றார்.

விடிந்தும் போட் வரவில்லை. றஸ்மியை வேறு போட்காரர் குற்றுயிராகத் தூக்கிவந்து புத்தளம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நிரோஷன் தெற்கே உடப்பு ஊர்க் கரையில் பிணமாக ஒதுங்கினான், மூன்றாம் நாள்.

சபைக்காரன் இல்லையே, யார் தூக்குவது? லேன்ட்மாஸ்டர் வந்தது. அதே குலுக்கல், அதே சத்தம். கெவின் புது வெள்ளை உடுப்போடு பின்னால் நடந்தான். அந்த உடுப்பு உடம்பில் நெருப்பாகச் சுட்டது.

நிரோஷனின் மனைவி ஷானிகா கெவினுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "கெவின் அண்ணா, சபையால கூப்பிட்டா அவர் போயிருக்கவே மாட்டார். கூப்பிடேல்லையா?"

இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். சுற்றிலும் சபைக்காரர்கள். அல்பேட் கண்ணெடுக்காமல் அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாது தங்கச்சி" என்றான். பாவி, அப்போதும் சொல்லவில்லை.

றஸ்மி ஆஸ்பத்திரியால் வந்ததும் கெவின் பார்க்கப் போனான். போகாமல் இருக்கமுடியவில்லை.

"போட் பெரண்டதும் ரெண்டு பேரும் அது மேல ஏறிக் கெடந்தோம்" என்றான் றஸ்மி. "நிரோஷன் நல்லாத்தான் புடிச்சிக்கிட்டு ஈந்தார். அப்ப ஒங்கட கோயில் மணி கேட்டிச்சி. அவ்வளவு தூரத்துக்கு அது கேக்கவே கேக்காது. ஆனா கேட்டிச்சி."

"பிறகு?"

"அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். அங்க ஆள் இல்ல, தண்ணிதான். ஆனா ஒங்கட பேரச் செல்லித்தான் கதைச்சார். 'கெவின், கொஞ்சம் தள்ளிப் படு'ண்டார்."

கெவின் இருந்த இடத்திலேயே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே ஈந்தார். பொறகு சிரிச்சார். அல்லாஹ் மேல ஆணை, சிரிச்சார். 'இடம் தந்துட்டான்'ண்டு செல்லிட்டு... கைய விட்டுட்டார்."