மஸ்ஜித் தானா பஸ்காரர்களின் ஓட்டு

மலாக்காவில் பஸ் ஓட்டிய காலத்தில் எங்கள் தொழிற்சங்கத்துக்கு நான்தான் செயலாளர். பெருமைக்குச் சொல்லவில்லை. டிரைவர்களில் மலாயிலும் ஆங்கிலத்திலும் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர், அதில் எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. சும்மா இருக்கிறவன் தலையில் கட்டுவதுதானே வழக்கம்.

சங்கம் ஊருக்குள்ளேயே காஜா பெராங் பேட்டையில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, காலை பத்து மணிக்குக் கூட்டம். நாடு சுதந்திரம் அடையப்போகிறது என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்த சமயம். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால் ஓட்டு, வேட்பாளர், தொகுதி என்றுதான் பேச்சு. எங்கள் சங்கத் தலைவர், டவுன் பஸ் டிரைவர், கஞ்சி போட்ட காலரோடு வந்து மேசையைத் தட்டுவார். "ஆளுக்கொரு ஓட்டு வரப்போகுது! இனிமே எவனும் நம்மள ஏய்க்க முடியாது!" என்பார். நாங்கள் கை தட்டுவோம். எங்கள் சங்கத்திலேயே பாதிப் பேருக்கு ஓட்டு இல்லை என்பது அந்த மாடியில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

விஷயம் இதுதான். டவுன் பஸ்கள் சாயங்காலம் டிப்போவுக்குத் திரும்பிவிடும். வெளியூர் பஸ்கள் அப்படியில்லை. மஸ்ஜித் தானா என்ற ஊரின் பஸ் காலையில் அங்கிருந்து புறப்பட்டு நாளெல்லாம் மலாக்காவுக்கும் அங்குமாக ஓடி, கடைசியில் அங்கேயே போய் நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அங்கேயே தங்கவேண்டும். வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அதுவும் ஞாயிறு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை பயணிகள் கூட்டம் அதிகம் என்பார்கள். ஆகவே ஞாயிறு பத்து மணிக்கு நாங்கள் கை தூக்கித் தீர்மானம் போடும்போது அவர்கள் எங்கோ வழியில் இருப்பார்கள். நேரில் வந்தவர்தான் ஓட்டுப் போடலாம் என்பது விதி.

இன்னொரு விதியும் இருந்தது. சங்கமே கம்பெனியிடம் கேட்டு வாங்கிய விதி. டவுன் டிப்போவுக்கு வந்த நாளிலிருந்துதான் சீனியாரிட்டி கணக்கு. வெளியூரில் எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் அது சேராது. அந்த விதிப்படி அப்போது வரிசையில் முதலில் நின்றவன் நான். ஆறு வருஷமாக ஸ்பேர் டிரைவர். எவன் லீவு போடுகிறானோ அவன் பஸ்ஸை ஓட்டுகிறவன். கிளேபாங் போகும் டவுன் பஸ்ஸின் டிரைவர் ஓய்வு பெறப்போகிறார், அந்த பஸ் எனக்கு என்று எல்லோருக்கும் தெரியும். நிலையான பஸ் இல்லாதவனுக்குப் பெண் கொடுக்க யோசித்த காலம் அது. கடலோரமாகப் போகும் அந்தக் கிளேபாங் பஸ்ஸை நான் கனவில்கூட ஓட்டியிருக்கிறேன்.

இந்த நேரத்தில்தான் மஸ்ஜித் தானா பஸ்ஸின் டிரைவர் என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தார். அவர் மலாக்கா செட்டி, பல தலைமுறைக்கு முன் இங்கே வந்து குடியேறிய தமிழர் வழி. நெற்றியில் விபூதி இருக்கும், பேச்சு முழுக்க மலாய். தமிழில் அவர் வாயில் வருவது 'தம்பி' போன்ற நாலைந்து சொற்கள்தான். வீடு காஜா பெராங்கிலேயே, சங்க மாடியிலிருந்து கூப்பிடு தூரம். ஆனால் வாரத்தில் ஒரு நாள்தான் அந்த வீட்டில் தூங்குவார். பன்னிரண்டு வருஷ சர்வீஸ். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே எல்லோருக்கும் சீனியாரிட்டி கணக்கிட வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கும் ஓட்டு வேண்டும் என்று கடிதத்தில் கேட்டிருந்தார். அது நிறைவேறினால் கிளேபாங் பஸ் அவருக்குப் போகும்.

"அடுத்த கூட்டத்துல வச்சிடு தம்பி," என்று மலாயில் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

நான் வைக்கவில்லை. அடுத்த கூட்டம் வந்தது, போனது. அதற்கு அடுத்ததும் போனது. மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். மறக்கவில்லை. சட்டை மாற்றும்போதெல்லாம் அந்தக் கடிதத்தையும் பழைய பையிலிருந்து எடுத்துப் புதுப் பையில் வைத்துக்கொண்டேன். அவர்மேல்தான் எனக்குக் கோபம் வந்தது. ஆறு வருஷம் காத்திருந்தவன் வாய்க்குள் சோறு போகும்போது தட்டிவிட வந்துவிட்டாரே என்று எரிந்தது.

மூன்றாம் மாதம் அவர் ஏழு நாள் லீவு போட்டார். யார் லீவுக்கு எந்த ஸ்பேர் டிரைவர் போவது என்பது டிப்போ பலகையில் முறை வைத்து எழுதியிருக்கும். அந்த வாரம் என் முறை. கிளேபாங் போகவேண்டியவன் கிளேபாங்கைத் தாண்டி மஸ்ஜித் தானாவுக்குப் போனேன்.

அங்கே தங்குவதற்கு இடம் என்று எதுவும் இல்லை. பஸ்ஸின் பின்சீட்டுதான் படுக்கை. காலை நீட்டினால் ஜன்னல் இடிக்கும், மடக்கினால் முட்டி வலிக்கும். முதல் நாள் காலையில் எழுந்தபோது கழுத்து ஒரு பக்கமாகவே நின்றுவிட்டது. கண்டக்டர் சிரித்தார். அவர் அந்த ஊர்ப்பக்கத்து மலாய்க்காரர். "பன்னிரண்டு வருஷம் ஆனா பழகிடும்," என்றார்.

இரண்டாம் நாள் சாயங்காலம், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்துக் கோப்பிக் கடையில் அந்தப் பக்கத்து ஊர்களில் தங்கும் வெளியூர் பஸ்காரர்கள் எல்லோரும் வந்து கூடினார்கள். மேசைமேல் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். பஸ்ஸில் வந்து சேர்ந்த சங்க அறிவிப்பை, நான் எழுதிய அறிவிப்பைத்தான், கண்டக்டர் சத்தமாக வாசித்தார். ஒவ்வொரு தீர்மானத்துக்கும் கை தூக்கினார்கள். எத்தனை பேர் ஆதரவு, எத்தனை பேர் எதிர்ப்பு என்று நோட்டில் எழுதினார்கள். கடைசியில் டிரைவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கண்டக்டர்கள் டிக்கெட்டில் ஓட்டை போடும் பஞ்ச் கருவியை எடுத்து, கையெழுத்துக்குப் பதில் ஆளுக்கொரு துளை போட்டார்கள்.

"இதை யாருக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டேன்.

"யாருக்கும் இல்ல. யாரு கேட்டா?" என்றார் கண்டக்டர். "சந்தா கட்டறோம். நாங்களும் சங்கம்தானே?"

நோட்டை வாங்கிப் புரட்டினேன். நான் செயலாளரான மாதத்துப் பக்கம் வந்தது. மாடியில் அன்று நான் இரண்டே ஓட்டில் தப்பிப் பிழைத்து ஜெயித்தவன். இங்கே எல்லோரும் எனக்கே போட்டிருந்தார்கள். முதல் கையெழுத்து செட்டி அண்ணனுடையது. ஏன் எனக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"உன் கையெழுத்துதான் வாசிக்க முடியுது," என்றார்கள்.

சிரித்துவைத்தேன். ஆனால் சட்டைப் பையில் இருந்த கடிதம் நெருப்பாகச் சுட்டது. வெட்கமாக இருந்தது, வேறு சொல் இல்லை. பேனாவை எடுத்து அறிவிப்பின் அடியில் அண்ணனின் கோரிக்கையை எழுதினேன். "இதுக்கும் ஓட்டுப் போடுங்க. நோட்டை நான் எடுத்துட்டுப் போறேன்," என்றேன்.

லீவு வாரம் முடிந்து டவுனுக்குத் திரும்பியதும் வந்த கூட்ட ஞாயிறன்று மாடியில் கடிதத்தை வாசித்தேன். தேதியை மட்டும் வாசிக்கவில்லை, அவ்வளவுக்குத் தைரியம் வரவில்லை. பிறகு நோட்டை மேசைமேல் வைத்து, இவற்றையும் ஓட்டாகச் சேர்க்கவேண்டும் என்றேன்.

தலைவர் முகம் சிவந்துவிட்டது. வெளியூர் ஓட்டு சேர்ந்தால் அடுத்த தேர்தலில் தம் நாற்காலி ஆடும் என்பது தெரியாத மனிதரா அவர்? "நேர்ல வந்தவன்தான் கை தூக்கணும். விதி இருக்கா இல்லையா?"

"விதி எழுதின அன்னிக்கும் அவங்க பஸ்ஸுலதாண்ணே இருந்தாங்க."

"கிளேபாங் பஸ் உனக்குத்தானேடா வருது? உனக்கென்ன பைத்தியமா?"

"இருக்கலாம்ணே."

தலைவர் நோட்டைத் திறந்து பார்த்தார். "இது என்ன, வெறும் ஓட்டை? எலி கடிச்சதெல்லாம் கையெழுத்தாகுமா?" டிரைவர்கள் சிரித்தார்கள்.

பின்வரிசையில் டவுன் கண்டக்டர்கள் சிரிக்கவில்லை. எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு கண்டக்டரின் பஞ்ச் கருவியும் வேறு வடிவத்தில் துளை போடும். ஒன்று பிறை, ஒன்று கட்டம், ஒன்று மீன்வால். டிக்கெட்டைப் பார்த்தால் யார் கொடுத்தது என்று பரிசோதகருக்குத் தெரியவேண்டும் என்பதற்காக அப்படி. வயதான கண்டக்டர் ஒருவர் எழுந்துவந்து, தலைவர் கையிலிருந்து நோட்டை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "இந்தப் பிறை யாருன்னு எனக்குத் தெரியும். ரெண்டு பேரும் ஒரே நாள்ல சேர்ந்தோம். இந்தக் கட்டம் அலோர் காஜா பஸ்காரன். எலி இல்லீங்க தலைவரே, ஆளுங்க," என்றார். மற்ற கண்டக்டர்களும் வந்து சுற்றி நின்று ஒவ்வொரு துளைக்கும் பேர் சொன்னார்கள். டிரைவர்கள் எதைச் சொன்னாலும் கை தூக்கியே பழகிய அந்தக் கண்டக்டர்கள், அன்று தாங்களாகவே கை தூக்கினார்கள். நோட்டு செல்லும் என்று முடிவானது. நோட்டு செல்லும் என்றான பிறகு சீனியாரிட்டிக் கோரிக்கையும் தானாகவே நிறைவேறியது.

தலைவரைப் பற்றித் தப்பாக நினைக்கவேண்டாம். அடுத்த தேர்தலிலும் அவரே ஜெயித்தார். என்ன, கஞ்சி போட்ட காலரோடு மஸ்ஜித் தானா வரை போய் ஓட்டுக் கேட்டார். போகும்போது என் பஸ்ஸில்தான் போனார். ஆமாம், செட்டி அண்ணன் விட்டுப்போன பஸ் எனக்கு வந்துவிட்டது. நிலையான பஸ்தான், பின்சீட்டு உட்பட.

செட்டி அண்ணன் கிளேபாங் பஸ்ஸை எடுத்த முதல் நாள், பஸ் நிலையத்தில் அவரிடம் போய் நின்றேன். "அண்ணே, உங்க கடிதத்தை நான் ரெண்டு மாசம் ஒளிச்சு வச்சிருந்தேன்," என்றேன்.

"தெரியும்," என்றார் அவர் மலாயில், பஸ்ஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "அதனாலதான் பலகையில உன் முறை வர்ற வரைக்கும் காத்திருந்து லீவு போட்டேன்."

இந்த மனிதர் என்னை எவ்வளவு அழகாக ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்கிறார்! கோபப்படப் பார்த்தேன், சிரிப்புத்தான் வந்தது. "நான் அப்பவும் மசியாம இருந்திருந்தா? ஏழு நாள் லீவு வீணாப் போயிருக்குமே?" என்றேன்.

துடைத்த துணியை மடித்து வைத்தார். "என் பொண்ணுக்கு மூணு வயசு. முதல் மூணு நாள் என்னைக் கண்டா அவ அம்மாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சா. நாலாம் நாள் அவளே வந்து மடியில உட்கார்ந்தா," என்றார். "எப்படித் தம்பி வீணாகும்?"