மீசைக்காரர் பேசிய இங்கிலீஷ்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது எங்கள் லைனுக்கு ஒரு சூப்பர்வைசர் இருந்தார். பிள்ளைப்பாக்கத்துக்காரர். ஒல்லியான உடம்பு, அதற்குப் பொருந்தாத பெரிய மீசை. எங்களிடம் பேசுவதெல்லாம் அசல் ஊர்த் தமிழ்தான். மேலதிகாரி யாராவது வந்துவிட்டால் மட்டும் நீள நீளமாக இங்கிலீஷ் வார்த்தைகள் புறப்பட்டு வரும். ஸ்க்ரூ தீர்ந்துபோனதைக்கூட "அன்ஃபார்ச்சுனேட் டிஸ்கன்டினுவேஷன்" என்பார்.

ஒருநாள் என் அறைத்தோழன் இசக்கி, விடாமல் ஓவர்டைம் பார்த்த களைப்பில், மெஷின் பக்கத்தில் நின்றபடியே தூங்கிவிட்டான். காண்ட்ராக்ட் வேலை, லைனில் தூங்கினால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவனுக்கோ அடுத்த மாதம் கல்யாணம். நான் எழுப்புவதற்குள் புது மேனேஜர் வந்து நின்றுவிட்டார்.

"வாட் இஸ் திஸ்?"

சூப்பர்வைசர் நிதானமாகச் சொன்னார்: "பெரிபெரல் ஹைப்போதெட்டிக்கல் ஆசிலேஷன், சார். அண்டர் அப்சர்வேஷன்."

மேனேஜர் இசக்கியைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "ஓ... ஐ சீ. கேரி ஆன்" என்று நகர்ந்துவிட்டார்.

"அண்ணே, அப்படின்னா என்னண்ணே?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? வாயில வந்துச்சு, சொன்னேன். நீ மொதல்ல அவன எழுப்பு, மூஞ்சக் கழுவச் சொல்லு."

மறுவாரம் காலைக் கூட்டத்தில் மேனேஜரே பேசினார். இந்த லைனில் ஆசிலேஷன் அதிகமாக இருக்கிறது, உடனே குறைக்க வேண்டும் என்றார். இசக்கி தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பில் குலுங்கினான். சூப்பர்வைசர் மட்டும் மீசை அசையாமல், "ஆல்ரெடி இனிஷியேட்டட், சார்" என்றார். அந்த மனிதர் சிரிப்பை எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.