கரையான் அரிக்காத பதிவேடு

ஒரு காலையில் என் வலது செருப்பு காலுக்குள் நுழையவில்லை. முதல் நாள்வரை தளர்வாக இருந்த செருப்பு. கணுக்காலை விரலால் அழுத்தினேன். பள்ளம் விழுந்தது. அது நிரம்ப வெகுநேரம் ஆயிற்று.

எனக்கு இருபது ஆண்டுகளாக நீரிழிவு. சிங்கப்பூருக்கு அக்கரையில், மாசாய்ப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மாணவர்களுக்கு உடல்நலப் பாடம் நடத்திய நான், என் உடம்பைப் பற்றி மருத்துவர் சொன்னதைக் கேட்டதில்லை. இரண்டு வாரத்தில் முடிவு தெரிந்தது. இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய நின்றுவிட்டன.

எனக்கு வயிற்றுவழி டயாலிசிஸ் (வயிற்றுக்குள் குழாய் வழியாகத் திரவத்தை நிரப்பி, சில மணி நேரம் வைத்திருந்து, உடலின் கழிவோடு வடித்தெடுப்பது) செய்யலாம் என்றார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை, நாமே வீட்டில் செய்துகொள்ள வேண்டும். கதவு மூடிய அறை வேண்டும். காற்றாடி ஓடக்கூடாது, பூனை வரக்கூடாது, கை கழுவக் குழாய் அருகில் இருக்க வேண்டும். அதனால் சிகிச்சைக்கு முன் நம் வீட்டையும் வந்து பரிசோதிப்பார்கள்.

என் வீட்டுக்கு வந்த மருத்துவமனைத் தாதி ஒரு தமிழ்ப்பெண். எல்லாரும் அவரை மிஸி என்றே கூப்பிடுவோம்.

“சார், இந்தப் பின் ரூம யாரு யூஸ் பண்றாங்க?”

“யாருமில்லம்மா. என் மனைவி இருந்தப்ப தையல் மெஷின் போட்டிருந்தாங்க. மக சிங்கப்பூர்ல இருக்கா.”

“ரெண்டு ரூம் சும்மா கெடக்கு. கொடுத்து வச்சவங்க சார் நீங்க.”

என் வீடு தேறியது.

எனக்குக் குழாய் பொருத்தியபின் மருத்துவமனையில் மூன்று நாள் பயிற்சி. ரப்பர் வயிறு ஒன்றை மேசையில் வைத்து, பையை எப்படி இணைப்பது, எப்படிக் கழற்றுவது என்று சொல்லிக் கொடுத்தார்கள். என்னோடு பயிற்சிக்கு வந்தவர் கணேசன். நாற்பத்தைந்து வயதிருக்கும். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டியவர். கையில் போட்ட இரத்தக்குழாய் இணைப்பு (இயந்திர டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் சேர்த்துத் தைப்பது) இரண்டு முறை அடைத்துப்போனதால், கழுத்தில் தற்காலிகக் குழாயோடு இருந்தார். அவர் மனைவி வசந்தி எல்லாவற்றையும் பள்ளி நோட்டில் எழுதிக்கொண்டார்.

கடைசி நாளில் மிஸி வீட்டு முகவரி கேட்டார்.

“நம்பர் பிளேட் நம்பர் தரட்டா மிஸி?” என்றார் கணேசன்.

“வெளயாடாதீங்க லா.”

“வெளயாடல. அதுதான் வீடு.”

மிஸி சிரிக்கத் தொடங்கி, வசந்தியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நோயால் வேலை போய், வாடகை வீடு போய், நான்கு மாதமாக அவர்களும் இரண்டு பெண்பிள்ளைகளும் அந்த வேனில் இருந்தார்கள். பெட்ரோல் நிலையத்துக் கழிவறையில் குளித்துவிட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள்.

மருத்துவர் மறைக்காமல் பேசினார். “வீடு கெடச்ச அன்னிக்கே வயித்துல டியூப் போட ஏற்பாடு பண்றேன். கழுத்து டியூப் ரொம்ப நாள் தாங்காது. கிருமி ரத்தத்துல ஏறிட்டா, அப்புறம் என் கையில இல்ல.”

அன்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது ஒன்றுதான். கணேசனுக்கு வீடுதான் மருந்து.

வெளியே வரும்போது வசந்தி கேட்டார்: “சார், எங்கள ஞாபகம் இல்லையா? எங்க கல்யாணம் உங்க கோயில்லதான். நீங்கதானே செயலாளர்.”

ஞாபகம் இல்லை என்றேன். அது பொய்யில்லை. அடுத்த முறை நான் சொன்னது பொய்.

மருத்துவமனையின் சமூகநல அதிகாரி, அரசாங்க மலிவு அடுக்குமாடி வீட்டுக்கு அவசர மனு எழுதிக் கொடுத்தார். குடும்பம் என்று காட்டத் திருமணச் சான்றிதழ் கேட்டார்கள். வசந்தியிடம் இருந்தது கோயில் கடிதம், முத்திரையும் என் கையெழுத்தும் போட்டது. அதை எடுத்துக்கொண்டு என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

“இது செல்லாதுன்னுட்டான் சார் கவுண்டர்ல. பதிவிலாகா சான்றிதழ், அந்த சிஜில்தான் வேணுமாம். நாங்க அப்பவே கேட்டோம், பதிவு பண்ணணுமா சார்னு. நீங்க இது போதும்னு சொன்னீங்க.”

சொன்னேன். அவர்களுக்கு மட்டுமல்ல, பல ஜோடிகளுக்கும் சொன்னேன். பதிவுக்கு மணமக்கள் இருவரும் முன்கூட்டியே இலாகாவுக்குப் போய் மனுச் செய்து காத்திருக்க வேண்டும். தொழிற்சாலையில் விடுப்புக் கிடைக்காது. முகூர்த்த நாள் நெருங்கியிருக்கும். பதிவு முடிந்து வாருங்கள் என்றால் வேறு கோயிலுக்குப் போய்விடுவார்கள். எங்கள் கோயிலில்தான் அதிகத் திருமணம் என்று ஆண்டறிக்கையில் எழுதுவதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. தலைமையாசிரியர் சொன்னால் அது சட்டம் என்று அவர்கள் நம்பினார்கள். தாலி ஏறியாயிற்று, ஊர் பார்த்தாயிற்று, காகிதம் எதற்கு என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போதும் வழி இருந்தது. திருமணம் நடந்ததற்குக் கோயில் பதிவேட்டையும், நடத்தி வைத்தவரின் சத்தியப் பிரமாணக் கடிதத்தையும் காட்டி, இருவரும் நேரில் கையெழுத்திட்டால் தாமதப் பதிவு செய்யலாம் என்று இலாகாவில் சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதத்தில் நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். அந்த மாதம் கோயில் பொதுக்கூட்டம். எனக்குப் பொன்னாடை போர்த்தவிருந்தார்கள்.

“பழைய பதிவேட்டையெல்லாம் கரையான் அரிச்சிருச்சும்மா” என்றேன்.

பதிவேடு என் அலமாரியில், நாங்கள் நின்று பேசிய இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் இருந்தது.

வசந்தி என் முகத்தையே பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் திறந்திருந்த வெற்று அறையைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எனக்குத் தொற்று வந்துவிடும், நான்கு பேர் குளியலறையைப் புழங்கினால் ஆகாது என்று மருத்துவரை முன்னால் நிறுத்தி மறுத்திருப்பேன். பதிலைத் தயாராகத்தான் வைத்திருந்தேன்.

பொன்னாடை போர்த்தினார்கள். மூன்று வாரம் கழிந்தது.

ஒரு காலை, வடிந்த பையை வெளிச்சத்தில் பிடித்தபோது அதற்குப் பின்னால் வைத்த நாளிதழின் எழுத்துத் தெரியவில்லை. தெளிவாக இருக்க வேண்டிய நீர், அரிசி கழுவிய நீர்போலக் கலங்கியிருந்தது. இதை வாசிப்பவர் யாராவது அப்படிக் கண்டால், வலிக்காகக் காத்திருக்காதீர்கள். பையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். நான் மாலைவரை காத்திருந்தேன். வயிற்றுறை அழற்சி (வயிற்றின் உள் உறையில் கிருமி தொற்றுவது) என்னை மடக்கிப் போட்டது. தனி அறை, மூடிய சன்னல், சுத்தமான கை எல்லாம் இருந்தும் வந்தது.

காய்ச்சல் இறங்கிக் கண் விழித்தபோது, எதிர்க் கட்டிலில் கணேசன். கழுத்துக் குழாயில் கிருமி ஏறியிருந்தது. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார்.

“என்னா சார், நீங்களும் வந்துட்டீங்க? வீடு இருந்தா வராதுன்னாங்களே.”

நான் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“அந்தக் கரையான் நல்லாப் படிச்ச கரையான் சார். எங்க பக்கத்த மட்டும் பாத்துத் தின்னிருக்கு.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த வசந்தி, “சும்மா இருங்க, சாருக்கே முடியல” என்றார்.

“சார் என்னா நெனச்சுக்கப் போறாரு? தெரிஞ்சதுதானே சொல்றேன்.”

அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் என் கட்டிலுக்கு அந்தப் பெண் இரண்டு முறை வெந்நீர் கொண்டுவந்து வைத்திருந்தார்.

நான் சொன்னேன். பதிவேடு இருக்கிறது, கரையான் இல்லை, பயந்தேன் என்று. பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்கும்படியாகத்தான் சொன்னேன். குரலைத் தாழ்த்தினால் மறுபடியும் பின்வாங்கிவிடுவேன் என்று தோன்றியது. கணேசன் கண்ணை மூடிக்கொண்டு, “சரி சார், இப்பவாச்சும் எடுத்துட்டு வாங்க” என்றார்.

என் மகளைத் தொலைபேசியில் அழைத்தேன். அவள் மறுநாள் சிங்கப்பூர்ப் பாலம் கடந்து வந்து பதிவேட்டைக் கொண்டுவந்தாள். சத்தியப் பிரமாணத்துக்கு என்னைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோனார்கள். என் வீட்டுப் பின் அறையைக் கணேசனுக்குத் தருவதாக மிஸியிடம் எழுதிக் கொடுத்தேன். மிஸி போய்ப் பார்த்து, தேறும் என்று குறித்தார். சமூகநல அதிகாரி மன்றாடியதில், பதிவிலாகாவிலிருந்து ஒருவர் வியாழக்கிழமை மருத்துவமனைக்கே வந்து கையெழுத்து வாங்க ஒப்புக்கொண்டார்.

கணேசன் செவ்வாய்க்கிழமை மதியம் இறந்தார்.

திரையை இழுத்துவிட்டார்கள். துணிக்குப் பின்னால் வசந்தி, “ரெண்டு நாள்தானே, ரெண்டு நாள் இருந்திருக்கலாம்ல” என்று கணவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டு யாருக்கு உரியது என்று எனக்குத் தெரியும்.

இறந்தவரோடு திருமணத்தைப் பதிய முடியாது என்றார்கள். சட்டத்தின் கண்ணில் வசந்தி விதவைகூட இல்லை. பின் அறைக்கு வந்துவிடுங்கள் என்று கேட்டேன்.

“வேணாம் சார். அந்த ரூமுக்குள்ள போனா, அவரு இங்க படுத்திருக்கலாமேன்னுதான் எனக்கு ஓடும். எம்புள்ளைங்க முன்னால உங்கள ஏதாச்சும் கேட்டுப்புடுவேன்.”

டயாலிசிஸ் பிரிவின் வெளி நடையில் காத்திருக்கும் துணையாளர்கள்தான் பிறகு அந்தக் குடும்பத்தைத் தாங்கினார்கள். நோயாளியை உள்ளே அனுப்பிவிட்டு நான்கு மணி நேரம் அங்கே உட்கார்ந்திருப்பவர்கள். தன் தாயாரைக் கூட்டிவரும் காதர் பாய் மாசாயில் உணவகம் வைத்திருக்கிறார். “மேல்மாடி காலியாத்தான் இருக்கு. ஆறு மாசத்துக்கு எடுத்துக்குங்க தங்கச்சி. அதுக்கப்புறம் என் தம்பி குடும்பம் வருது, அத இப்பவே சொல்லிடுறேன்” என்றார். குளுவாங்கிலிருந்து வரும் ஒரு அம்மா பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தார். கூலாய்த் தோட்டத்து லோரி ஓட்டுநர் ஒருவர் வேனிலிருந்த சட்டி பானைகளை ஏற்றிவந்து மாடியில் வைத்தார். யாரும் கூட்டம் போடவில்லை, படம் எடுக்கவில்லை. என்னிடம் மட்டும் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. கோயிலில் விஷயம் தெரிந்துவிட்டது. நானே எழுதிக் கொடுத்தேன். இப்போது அங்கே போவதில்லை.

வயிற்றுவழி டயாலிசிஸ் செய்யவிருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். தங்க இடமில்லை என்றால் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு உறவினர் முகவரியைக் கொடுக்காதீர்கள். கோயிலில் மட்டும் திருமணம் செய்தவர்கள், இருவரும் நடமாடும்போதே இலாகாவுக்குப் போய்விடுங்கள். பதிவேட்டில் உள்ள மற்ற ஜோடிகளை ஒவ்வொருவராக அழைத்து இதைச் சொல்லி வருகிறேன். சிலர் நன்றி சொல்கிறார்கள். ஒருவர், “இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் விடிஞ்சுச்சா வாத்தியாரே?” என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

காதர் பாய் கொடுத்த ஆறு மாதத்தில் ஐந்து முடிந்துவிட்டது. என் சத்தியப் பிரமாணத்தை இணைத்து, பிள்ளைகளின் பெயரில் வீட்டுக்கு இரக்க மனு கொடுத்திருக்கிறோம். மாதம் ஒருமுறை வசந்தியோடு வீட்டு இலாகாவுக்குப் போகிறேன், சாட்சியாக. கூட வந்தால் போதும், பேச வேண்டாம் என்பது அவர் போட்ட நிபந்தனை.

முன்பு எனக்கு உடம்பு இருப்பதே தெரியாது. கடிகாரத்தைப் பார்த்து வாழ்ந்தேன். இப்போது வயிற்றுக்குள் இரண்டு லிட்டர் தண்ணீர் நேரம் சொல்கிறது. மூன்றாம் மணியில் கனக்கும், நான்காம் மணியில் இடுப்பை இழுக்கும், ஐந்தாம் மணியில் வாயில் உலோகச் சுவை வரும். ஒரு நாள் என்றால் நான்கு நிரப்பல், நான்கு வடிப்பு. அடுத்த பைக்கு அப்பால் எனக்கு எதிர்காலம் என்று ஒன்று தெரிவதில்லை. வசந்தியின் காலம் வேறு. அது முப்பது நாளில் முடிகிறது.

போன வாரம் வீட்டு இலாகாவில் எங்கள் எண்ணுக்கு முன்னால் பதினான்கு பேர். மதியப் பைக்கு நேரம் தாண்டியது. வசந்தி என் கால்களைப் பார்த்தார்.

“வீங்குது சார். ஒங்க நேரம் வந்திருச்சு, கெளம்புங்க.”

ஓரிரு மணி தாமதிக்கலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். வசந்தி கைப்பையைத் தூக்கி மடியில் வைத்து, எனக்குக் கால் நீட்ட இடம் விட்டார். திரையில் எண் மாறியது. எங்களுடையது இல்லை.