கரைக்குள் போன ஒன்பது மூட்டை

1966 நவம்பர் 11, வெள்ளிக்கிழமை, காலை ஐந்தே முக்கால். மூன்றாம் நாளாக விடாத மழை, காற்று இல்லை. காற்றில்லாத மழை நகராது, அதுதான் மோசம் என்று அப்பா சொல்வார். அவர் சொல்வது பலிப்பது அபூர்வம். அன்று பலித்தது.

பருத்திப்பட்டைத் தாண்டிப் பூந்தமல்லி போகும் சாலையில் எங்கள் ஊர். தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் ஏரிக்கரைக்குக் கீழே மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டிருந்த காலம். நாற்பத்தோரு வீடுகள் எழும்பியிருந்தன, எங்களுடையது பதினேழாவது. மேட்டில், சாலையோரம், என் தாய்மாமாவின் மளிகைக் கடை.

ஊருக்கு எது வேண்டுமானாலும் கடையைச் சாத்திவிட்டு அவர்தான் போவார். தெருவிளக்குக்கு ஓர் அலுவலகம், பஸ் நிற்பதற்கு ஒன்று, பள்ளிக்கூடக் கூரைக்கு இன்னொன்று. பஸ் கட்டணம் அவர் கைக்காசு. "எப்ப வந்தாலும் கட சாத்திகீது, இவுரு எங்கதான் சுத்திகினு கீறாரோ" என்று சாமான் வாங்க வந்தவர்கள் அலுத்துக்கொள்வார்கள், யாருக்காகச் சுற்றுகிறார் என்பதை மறந்துவிட்டு.

காலிச் சாக்குகளை மற்றக் கடைக்காரர்கள் விற்றுவிடுவார்கள். மாமா விற்க மாட்டார். வெயிலில் உலர்த்தி, மடித்து, ஏரிக்கென்று அடுக்கி வைப்பார். சாக்கு அவர் பொறுப்பு, மணல் ஊர்ப் பொறுப்பு என்று பேச்சு. அந்த வருடமும் மணல் வரவில்லை.

அன்று விடிவதற்குள் மதகுக்குப் பக்கத்தில் கரை கசிய ஆரம்பித்து, ஆள் நுழையும் அகலத்துக்கு உடைந்துவிட்டது. ஆண்கள் எல்லோரும் ஓடினார்கள். சாக்கில் சேற்றை அள்ளினால் கூழாக வழிந்தது. நாலு பேர் மேட்டுக்கு ஓடி, மாமா கடை வாசலில் இருந்த மூன்று மூட்டைகளைத் தூக்கிவந்து உடைப்பில் இறக்கினார்கள். தண்ணீர் கொஞ்சம் நின்றாற்போல் இருந்தது. பிறகு மூட்டைகள் சுருங்கத் தொடங்கின.

"அண்ணாத்தே, மூட்ட இன்னாத்துக்கு இப்டி எளைக்குது?"

மாமா குனிந்து, வழிந்த தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்புடா! எவன்டா தூக்கியாந்தது?"

"வெளிய கெடந்துச்சே, மணலுன்னு நெனச்சிகினோம்."

உப்பு மூட்டையை எந்த மளிகைக்காரரும் உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை. இரவிலும் வாசலிலேயே இருக்கும். உப்பைத் திருட ஆள் கிடையாது. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு இது எப்படித் தெரியும்? எங்கள் எதிர்வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, "வுடு நைனா, ஏரி இன்னிக்கு உப்பு போட்டுத் துன்னுகீது, இனிமேவாது ரோசம் வந்து நிக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டைப் பார்த்தார். வாசலில் அம்மா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் இரண்டாம் படிக்கு வந்திருந்தது.

மடியிலிருந்து சாவியை எடுத்து அப்பாவிடம் எறிந்தார். "மாப்ள, கட பின்னாடி ரூமைத் தொற. அரிசியத் தூக்கிகினு வா."

"இன்னா மச்சான், தையில பொண்ணு கல்யாணம்..."

"கரையே போச்சுனா பந்தல எங்க போடுவே? தூக்கிகினு வா!"

சொந்த நிலத்து நெல்லைக் குத்தி, மகள் கல்யாணத்துக்கென்று வைத்திருந்த அரிசி அது. ரேஷனில் அரிசி அளந்து கொடுக்கப்பட்ட காலம். கோதுமைக்கே வரிசை நின்ற காலம். மூட்டைகள் உடைப்பில் இறங்க இறங்க மாமா எண்ணினார். தானியம் அளக்கிறவர்கள் 'ஒன்று' என்று தொடங்குவதில்லை. "லாபம்... ரெண்டு... மூணு..." முப்பது வருடம் படி அளந்த வாய், அதற்கு நேரமும் இடமும் தெரியவில்லை. தண்ணீர் இரைச்சலை மீறிக் கரை முழுக்கக் கேட்கும்படி, ஒன்பது வரை எண்ணி முடித்தார். அரிசி ஊறி உப்ப, மூட்டைகள் ஒன்றையொன்று நெருக்கி இறுகிக்கொண்டன. ஏழரை மணிக்கு உடைப்பு அடைபட்டது. நாற்பத்தோரு வீட்டில் ஒரு சுவர்கூட விழவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஜீப் வந்தது. கடைக்காரர் அரிசி பதுக்கினார் என்று யாரோ பெயர் போடாமல் புகார் எழுதியிருந்தார்கள். எழுதியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. மூட்டைக் கணக்கு மட்டும் சரியாக இருந்தது. ஒருவர் வைத்துக்கொள்ள அனுமதித்த அளவைவிட அது அதிகம். அப்பா மாமாவைத் தனியே இழுத்துப் போனார். "அஞ்சுனு சொல்லு மச்சான். கரைய நோண்டியா பாக்கப் போறான்?"

மாமா அதிகாரியிடம் ஒன்பது என்றார்.

ஜீப் போனதும் அப்பா கத்தினார். "உண்மையப் பேசி இன்னாத்தக் கண்டே? உன்னாலதான் ஊடு வாசலோட கீறானுங்க, அவனுங்களே எழுதிப் போட்டுகீறானுங்க!"

"எழுதாம இன்னா பண்ணுவான் மாப்ள? புள்ளைங்களுக்குக் கோதுமக் கஞ்சி ஊத்திகினு கீறவன் கண்ணு முன்னாடி ஒம்போது மூட்ட அரிசிய சேத்துல போட்டேன். நான் அவன் ஊட்டக் காப்பாத்துனதா அவனுக்குத் தெரியும்? இம்மா அரிசி இத்தினி நாளா பூட்டிக் கெடந்துச்சானுதான் தெரியும்."

எனக்கு மாமாமேல்தான் கோபம். எழுதியவனை நாலு வார்த்தை திட்டாமல் அவனுக்காகப் பேசுகிறாரே என்று. கல்யாணம் தள்ளிப்போனதால் எனக்கு வரவேண்டிய புதுச்சட்டையும் தள்ளிப்போன கோபம் வேறு. கடையின் முன்பக்கம் ஜனங்கள் நொய்யரிசியாவது இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போன நாட்களில், பின்னறைச் சாவி அவர் மடியில்தான் இருந்தது. அதை அவர் நினைத்துக்கொண்டிருந்தார் என்பது பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை. ஒன்பது என்று அவர் சொன்னது அதிகாரிக்கு அல்ல, நொய் கேட்டுத் திரும்பிப் போனவர்களுக்கு என்பது விளங்க வெகுநாளாயிற்று.

அதற்குப் பிறகும் பதினோரு வருடம் இருந்தார். ஒவ்வோர் ஐப்பசிக்கும் கடை வாசலில் சாக்குகள் அடுக்கியிருந்தன, அவற்றுக்குப் பக்கத்தில் உப்பு மூட்டை. மணல் இரண்டு வருடம் வந்தது. மற்ற வருடங்களில் அவரே வாங்கிப் போட்டார். அந்தச் செலவு எனக்குத் தெரியாது. அந்தப் புகாரால் கடை மூடிக் கிடந்த நாற்பது நாளையும் நான் சேர்க்கவில்லை. அவர் கூட்டிப் பார்க்காததை நான் கூட்டிப் பார்த்தேன். அரிசி எழுநூற்று அறுபத்தைந்து, உப்பு பதினெட்டு, அபராதம் முந்நூறு. ஆக ஆயிரத்து எண்பத்து மூன்று ரூபாய்.