மாட்டாமல் விட்டுப்போன டையோடு

எங்கள் தெரு முனையில் இருந்த தூங்குமூஞ்சி மரம் புயலில் விழுந்து ஒரு பால் வண்டியை நசுக்கியதே, அதற்கு அடுத்த ஐப்பசி மழையில் நடந்தது இது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கம் எங்கள் வீடு. அந்தப் பால்காரர் தங்கமான மனிதர், அவர் கதை தனி.

என் மனைவிக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூச்சுக்கு மெஷின் வைத்திருந்தோம். கரண்ட் போனால் அது இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓடும். அந்தப் பேட்டரியை ஏற்றுகிற சார்ஜர், நான் லாரி ஓட்டிய காலத்துச் சாமான், ஒருநாள் புகைந்து நின்றுவிட்டது. திறந்தால் உள்ளே போல்ட் மாதிரி நாலு டையோடு, கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிறவை. ஒன்று கருகியிருந்தது, மற்ற மூன்றும் சூட்டில் நிறம் மாறி இனித் தாங்காது போலிருந்தது. ஒன்று போனால் நாலையும் மாற்றுவது எங்கள் லாரி ஷெட்டுப் பழக்கம். கருகியதை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, எலக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

கடைக்காரர் அதைப் பார்த்து அதே மாதிரி நாலு எடுத்து வைத்தார். செத்துப்போன புருஷனின் ரிப்பேர் சாமான்களை விற்க ஓர் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"இன்னா நைனா, சார்ஜருக்கா? நாலும் ஒரே மாதிரி வாங்கறியே. அம்பு போட்டுகீது பாரு. ரெண்டு இப்டி பாக்கணும், ரெண்டு அப்டி. இத்த மாட்டுனா சார்ஜர் கொர்ருன்னு கத்தும், பேட்டரில ஒண்ணும் ஏறாது" என்றார் அந்த அம்மா.

"யம்மா, நீ விக்க வந்தியா, என் யாவாரத்த கெடுக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"ரெண்டுந்தான்."

எதிர் அம்பு போட்டது கடையில் இல்லை, திங்கட்கிழமைதான் வரும் என்றார் கடைக்காரர். வீட்டில் மெஷின் இருப்பதைச் சொன்னேன்.

அந்த அம்மா தன் பொட்டலத்தைப் பிரித்து இரண்டை எடுத்தார். "ஆம்பியர் சரியா கீதா பாரு. கம்மின்னா சூடேறிப் பூடும்" என்று கடைக்காரரிடம் காட்டிவிட்டு, என் உள்ளங்கையில் வைத்தார்.

"காசு எவ்ளோம்மா?"

"அத்த வுடு. மாட்றதுக்குள்ள எங்க ஊட்டுக்காரரு பூட்டாரு. நீயாச்சும் மாட்டு."

அன்று இரவே நாலையும் மாட்டிப் பேட்டரியை ஏற்றினேன். மறுநாள் மழையில் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. மெஷின் நிற்கவில்லை. தை பிறப்பதற்குள் என் மனைவி போய்விட்டாள், ஆனால் மூச்சுக்குத் தவித்துப் போகவில்லை.

சார்ஜர் இப்போது கட்டிலுக்கு அடியில் சும்மா கிடக்கிறது. கூட்டும்போது துடைப்பம் அதில் இடித்தால் அந்த அம்மாவின் ஞாபகம்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. எங்காவது அவரைப் பார்த்தால், அவர் புருஷன் மாட்டாமல் விட்டதை நான் மாட்டிவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.