புகை நின்ற வாரம்

ஊரில் அவளுக்குப் புகைக்காரி என்று பெயர். சிகரெட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காதவள். எரிமலை ஆய்வகத்தில் வாயு அளப்பது அவள் வேலை. வாரத்தில் பாதி நாள் முகமூடியும் தடித்த காலணியுமாக மலையேறி, பாறை வெடிப்புகளில் சீறும் ஆவியைக் கண்ணாடிக் குடுவையில் பிடித்து வருவாள். மீதி நாள் அடிவாரத்தில் நின்று கருவியை உச்சிப் பக்கம் திருப்பி, போகிற புகையில் கந்தக வாயு எவ்வளவு என்று கணக்குப் போடுவாள். கழுத்தில் கிடக்கும் வெள்ளிச் சங்கிலி எப்போது பார்த்தாலும் கறுத்திருக்கும். சட்டைத் துணியோ சீக்கிரமே இற்றுப்போகும்.

"உன் மலை துணியைத் தின்னுது. என்னிக்கோ ஒருநாள் உன்னையும் சேர்த்துத் தின்னப்போகுது," என்று அக்கா ஒவ்வொரு சட்டையைத் தைக்கும்போதும் திட்டுவாள்.

தாய் தகப்பன் இரண்டும் அவளுக்கு அக்காதான். ஊராரின் துணியைத் தேய்த்துத்தான் தங்கையைப் படிக்க வைத்தாள். இப்போது மலையை ஒட்டிய மேல்தெருவில் சொந்தமாகச் சலவைக்கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. விடுதிகளின் படுக்கை விரிப்புகளெல்லாம் அவளிடம்தான் வரும். "சாம்பல் விழுந்தா ஊருக்கு இருமல், எனக்கு வரும்படி" என்று சிரிப்பாள்.

பேருந்து நிலையச் சுவரில் ஒரு கரும்பலகை உண்டு. முந்தின நாள் மலை எத்தனை டன் வாயு விட்டது என்று காலையில் புகைக்காரி அதில் எழுதுவாள். எண் பெரிதாக இருந்தால் ஊரில் சன்னல்கள் சாத்தப்படும், பிள்ளைகள் வெளியே வரமாட்டார்கள். சிறிதாக இருந்தால் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விடுவார்கள். அப்படிப் படிக்கச் சொல்லிக் கொடுத்தவளும் அவளேதான். மூச்சுத் திணறலுக்கு அந்தக் கணக்கு சரி. மலைக்கும் அதே கணக்குத்தான், சின்ன எண் என்றால் மலை அடங்கியிருக்கிறது என்று ஊர் எடுத்துக்கொண்டது. அவளும் திருத்தவில்லை.

அந்த வாரம் எண் மளமளவென்று இறங்கியது. பிறகு புகையே நின்றது. உச்சி கழுவி வைத்த பாத்திரம்போல் பளிச்சென்று தெரிந்தது.

"என்ன தங்கச்சி, மலைக்கு வயசாயிடுச்சா? சுருட்டை விட்டுடுச்சே!" என்றார் அக்காவின் பக்கத்துக் கடை பேக்கரிக்காரர். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மறுநாள் மலைச்சரிவில் அந்தச் சிரிப்பு அடங்கியது. ஒரு வெடிப்பின் இரு பக்கமும் அடித்து வைத்த இரும்பு முளைகளுக்கு நடுவே அளவு நாடாவைப் பிடித்தாள். போன முறை அளந்த நீளம் போதவில்லை. வெடிப்பு அகன்றிருந்தது. தரையின் சாய்வைக் காட்டும் கருவியும் அதையே சொன்னது. மலை உப்பிக்கொண்டிருந்தது.

ஆய்வகத் தலைவர் கருவித் தாள்களை நெடுநேரம் பார்த்தார். "புகை மட்டும் குறைஞ்சிருந்தா உள்ள சரக்கு தீர்ந்துபோச்சுன்னு சொல்லுவேன்மா. வீங்கிட்டே புகை குறையுதுன்னா, தொண்டை அடைச்சுக்கிச்சு." அவர் தயங்கவில்லை. மேல்தெரு உடனே காலியாக வேண்டும் என்று மதியத்துக்குள் அறிவிப்பு வந்துவிட்டது.

தெருவோ அசையவில்லை.

"நேத்துவரைக்கும் சின்ன எண் நல்லதுன்னே. இன்னிக்கு அதே சின்ன எண் ஆபத்துங்கறே. நாக்கை இப்படிப் புரட்டினா நாங்க எதைத்தான் நம்பறது?" என்று கேட்டார் பேக்கரிக்காரர். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டே கேட்டார். அவர் மனைவி மட்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள்.

அக்கா முற்றத்தில் வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வருடக்கணக்கில் இல்லாத சுத்தமான காற்று.

"கிளம்புக்கா."

"இப்படி ஒரு வெயில் கிடைக்க நான் எத்தனை நாள் தவம் கிடந்தேன் தெரியுமாடி?"

"குக்கர்ல விசில் வரலைன்னா நீ சும்மா இருப்பியா?"

"அடுப்புல கேஸ் தீர்ந்திருந்தாலும்தான் விசில் வராது."

தங்கை விரிப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "குக்கர் ஆறிப்போனா உப்பாதுக்கா. இது உப்புது. அடியில பாறை உருகிக் கிடக்கு. அதுக்குள்ள நீராவி, கந்தக வாயு எல்லாம் கரைஞ்சு கிடக்கு. மேல இருக்கற பாரம் அமுக்கறவரைக்கும் அது வெளிய தெரியாது. அந்தப் பாறைக் குழம்பு மேல ஏற ஏற அமுக்கம் தளரும், வாயு குமிழ் குமிழா பிரியும். வழி இருந்தா புகையா போயிடும். அந்தப் புகையைத்தான் இத்தனை வருஷமா எழுதிட்டிருந்தேன். இப்போ குழம்பு பிசினாட்டம் கெட்டியாயிருக்கு, மலை வாயில கல்லு இறுகிப்போச்சு. குமிழுக்குப் போக்கிடம் இல்ல. சேர்ந்துட்டே இருக்கு. கல்லு தாங்காம விட்டுச்சுன்னா மொத்தக் குழம்பும் ஒரே நேரத்துல நுரைச்சு, தூள்தூளா சிதறிடும்."

"எப்போ?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்?" அக்கா விரிப்பை உதறினாள். "கடையை விட்டுட்டு வரமாட்டேன். நீ போ."

தங்கை வாசலில் நின்ற ஆய்வக வண்டிக்குப் போய்த் தன் பையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டியைத் திருப்பி அனுப்பினாள். தேய்க்கும் மேசைக்கு அடியில் போர்வையை விரித்துக் காலணியைக் கழற்றினாள்.

"என்னடி பண்றே?"

"நீ எங்கயோ நானும் அங்க."

அக்கா அவள் முகத்தையே பார்த்தாள். சின்ன வயதில் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. வீம்புக்காகச் செய்கிறாளா என்று தேடினாள் போலும். தங்கை காலணியை ஓரமாக வைத்துவிட்டுப் போர்வையில் படுத்துக்கொண்டாள். அக்கா கடையின் மின்சாரத்தை நிறுத்தினாள். ஈரத் துணியை அப்படியே கொடியில் விட்டுவிட்டுக் காலணியைத் தங்கையின் முன்னால் தள்ளினாள்.

"போடு. கடைசி பஸ் போயிடப்போகுது."

மறுநாள் நண்பகலில் மலை வெடித்தது. அக்காவும் தங்கையும் தங்கியிருந்த கீழூர்ப் பள்ளிக்கூடத்துச் சன்னல்கள் அதிர்ந்தன. பிறகு பகலே இருண்டது. மேல்தெரு இருந்த இடத்தில் சாம்பலும் கல்லுமாக ஒரு மேடுதான் மிஞ்சியது என்று மாலையில் வந்த மீட்புக்காரர்கள் சொன்னார்கள். பேக்கரிக்காரர் கடைசிவரை இறங்கி வரவில்லை.

வகுப்பறைத் தரையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். புகைக்காரி அருகில் போய் உட்கார்ந்தாள். அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "எத்தனை வருஷமா உன் பேச்சைக் கேட்டு நடந்தார். சின்ன எண் நல்லதுன்னு நீ சொன்னதை நம்பித்தான்மா இருந்துட்டார்."

புகைக்காரிக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. பாதி எழுந்தும்விட்டாள். பின்னாலிருந்து அக்காவின் கை தோளை அழுத்தியது.

"உட்காரு," என்றாள் அக்கா, தாழ்ந்த குரலில். "அவ சொல்லி முடிக்கட்டும்."

அவள் உட்கார்ந்தாள்.